கல் செடி வளர்த்த பிலோமினா அக்கா

தேநீர் இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது ஸ்டெல்லாவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்கள். பிலோமினா அக்காவின் மகள் அவள். திரும்ப அழைத்தேன். "சுமதிக்கா, அம்மா போய்ட்டாங்க" என்றாள். சைரன் ஒலித்தது, லைனுக்குத் திரும்ப வேண்டும். லாக்கரைப் பூட்டுவதும் திறப்பதுமாக அங்கேயே நின்றிருந்தேன்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு முன்பே சேர்ந்தவர் அக்கா. வடக்குப்பட்டுக்காரர். கணவர் அருளப்பன் வேறொரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முதன்முதலாக நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, காபிகூடக் கொடுக்காமல் மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார் அக்கா. தயிர் டப்பாக்களில் கூழாங்கற்கள் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன். மெத்தென்றிருந்தது.

"கல்லு இல்லடி, செடி. தென்னாப்பிரிக்காப் பாலைவனத்துது. எதுவும் மேஞ்சிடக் கூடாதுன்னு கல்லு மாதிரி வேசம் கட்டிக்கினு கீது" என்று சிரித்தார்.

அடிமரம் குடம்போல் பருத்த அடீனியம், இலைநுனி கண்ணாடிபோல் வெளிச்சம் வாங்கும் ஹாவொர்த்தியா, பந்தாக உருண்ட யுஃபோர்பியா என்று மாடி நிறைந்திருந்தது. எல்லாம் விதையிலிருந்து அவரே வளர்த்தவை. "நம்மூரு ஈரக்காத்துதான் இதுங்களுக்கு எமன். செங்கல்ல ஒடச்சுப் போட்டு, இலை சுருங்கினாத்தான் தண்ணி காட்டணும்" என்பார்.

பிறகு அவருக்குக் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன என்றார்கள். வேலை போயிற்று. டயாலிசிஸ் தொடங்கியது. குடிக்கும் தண்ணீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் நாள் முழுவதற்கும் அளந்த தண்ணீர்தான். புது அடுக்ககங்களிலிருந்து செடி கேட்டு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்காகத்தான் அவர் படியேறினார். சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாலும், மேலே போனதும் முகம் தெளிந்துவிடும்.

ஐப்பசியில் புயல் மழை வந்தது. அக்கா அப்போது மருத்துவமனையில் இருந்தார். சாலையெல்லாம் வெள்ளம், வீட்டாரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மாடியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கூரை கிழிந்து பறந்தது. மழை விட்டு அக்கா வீடு திரும்பியபின் போய்ப் பார்த்தேன். கல் செடிகள் கூழாகிக் கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து அடீனியத்தின் தண்டைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார், அழுகாத வெள்ளைச் சதை எங்காவது தட்டுப்படாதா என்று. சீவச் சீவப் பழுப்பாகவே வந்தது.

"போதும்க்கா."

"இரு சுமதி. இன்னும் கொஞ்சம் கீழ பாக்கலாம். ஒண்ணாவது பொழைக்காதா?"

ஒன்றும் பிழைக்கவில்லை. ஸ்டெல்லா புதிதாக விதை வரவழைத்துக் கொடுத்தாள். அக்கா பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. "மொளைச்சு வர்ற வரைக்கும் நான் இருக்கணுமே" என்றார்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம் போன் செய்தார்.

"குடிச்சுட்டேன் சுமதி."

"இன்னாக்கா குடிச்சீங்க?" பதறிப்போனேன்.

"தண்ணிதான்டி. வூட்ல யாரும் இல்ல. சொம்பு சொம்பா மோந்து குடிச்சேன். பானையே காலி. இன்னா ருசி தெரியுமா?"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. உடனே அருளப்பனுக்குச் சொன்னேன். அவர் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். மறுநாள்தான் ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். அருளப்பன் காலையிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். வாங்கியவர், எழுந்து வீட்டின் பின்பக்கம் நடந்தார். டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அக்காவின் கண்ணெதிரே அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டெல்லா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"இங்கயே குடிப்பா. அம்மா இல்ல."

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். வாயருகே கொண்டுபோன டம்ளர் சரிந்து, தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியது.

போன இடத்திலாவது, அக்கா, உங்களுக்கு யாரும் அளந்து ஊற்றாதிருக்கட்டும்.