குழாய்க்கு ஜுரம்

உப்புத் தண்ணீர் ஊரில் பாத்ரூம் கழுவிப் பிழைப்பவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. நேற்றுத் தேய்த்த குழாயில் இன்று வெள்ளை படிவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் உங்களுக்கும் அது தெரியும். நானும் என் கூட்டாளி ஸ்டெல்லாவும் அம்பத்தூர், ஆவடி பக்கம் வீடு வீடாகப் போகிறோம். ஆசிட் நெடியில் ஸ்டெல்லாவுக்கு ஒருநாள் மூச்சிழுப்பு வந்து, பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து வினிகரும், எலுமிச்சை உப்பு என்கிற புளிப்புத் தூளும்தான். ஆசிட் ஊற்றாத எங்களை எத்தனை வீடு கூப்பிடும் என்பதுதான் கவலை.

சும்மா உட்காருவது

வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிவிட்டு, கறை ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மேனாம்பேட்டில் அப்படி உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். கையில் எங்களுக்கு டீ, முகத்தில் சந்தேகம்.

"இன்னாம்மா, குழாய்க்கு ஜுரமா? ஈரத்துணி சுத்திட்டு பக்கத்துலயே குந்திகினு கீறீங்க?"

எந்த உப்பு?

கரையான்சாவடியில் ஒரு வீட்டில் எலுமிச்சை உப்பு தீர்ந்துவிட்டது. கடைக்குக் கிளம்பிய வீட்டுக்காரரிடம் வாங்கிவரச் சொன்னேன். ஒரு பையில் எலுமிச்சம்பழம், இன்னொன்றில் கல்லுப்பு என்று வந்து நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பழத்தை வெட்டி ஷவரில் தேய்த்தோம், பளிச்சென்று ஆனது. அவருக்கோ மனசு ஆறவில்லை.

"உப்புக் கறைக்கு எதுக்கு உப்புன்னு எனக்கும் தோணிச்சு. தொழில் ரகசியம்னு கேக்காம வந்துட்டேன்."

எந்த டேங்க்?

ஆவடியில் ஒரு பெரியவர் ஆசிட் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தார். அதை ஊற்றாவிட்டால் வேலையே வேண்டாம் என்றார். ஸ்டெல்லா வாசலுக்குப் போய்விட்டாள். நான் பேச்சை மாற்ற நினைத்து, கறைக்கெல்லாம் காரணம் உங்கள் டேங்க்தான், அதில் அடியெல்லாம் அழுக்கு என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ரிட்டையர் ஆகும்வரை ஆவடி தொழிற்சாலையில் ராணுவ டேங்க் செய்த மனிதர். மொட்டைமாடித் தண்ணீர் டேங்கைச் சொன்னேன் என்று புரிவதற்குள் அவர் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் ஸ்டெல்லா இருமினாள். எதற்கு இருமல் என்று அவர் கேட்டார், ஆசிட் நெடியில் அவளுக்கு மூச்சிழுப்பு வந்த கதையைச் சொன்னேன். பாட்டிலை இறுக மூடிக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து, எங்கள் வினிகர் துணிக்குக் கை நீட்டினார்.

"பாப்பாவுக்கு மூச்சு முக்கியம்மா. கறை எங்க ஓடிடப் போவுது?"

அவர் சொன்னது சத்தியம்: கறை எங்கேயும் ஓடவில்லை, அந்தக் குழாய்க்கு மாதாமாதம் ஜுரம் வருகிறது, நாங்களும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.