கத்தாத வில்லன்

சேஃப்டி வாரத்துக்குக் கம்பெனியிலேயே ஒரு குறும்படம் எடுக்கிறோம், திரைக்கதை நீங்கதான் எழுதணும் என்று எச்.ஆர். மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் படித்தது பத்தாவது. மார்கழி மாதம் எங்கள் சேரப்பணஞ்சேரி பஜனைக் கோஷ்டிக்கு சாமி நாடகம் எழுதிக் கொடுப்பேன். அதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். என் நாடகத்தில் அசுரன் வந்தால் கத்துவான், பக்தன் வந்தால் அழுவான். எனக்குத் தெரிந்த பாத்திரங்கள் அவ்வளவுதான்.

கதை, இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் நடப்பது. கை உள்ளே போனால் மெஷினைத் தானாக நிறுத்தும் சென்சாரை ஆஃப் பண்ணச் சொல்கிறான் ஒரு சூப்பர்வைசர். ஆபரேட்டர் கை மாட்டிக்கொள்கிறது. சூப்பர்வைசரை அசுரனாகவே எழுதினேன். எங்கள் சூப்பர்வைசரே ஆசையாக முன்வந்து, அந்த வேஷம் எனக்கு என்றார். ஒத்திகையில் கண்ணை உருட்டி, மேஜையைத் தட்டி, கத்தித் தீர்த்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அவரும் சிரித்தார். மேடம் மட்டும், நல்லாருக்குண்ணா, ஆனா நிஜ ஆளு மாதிரி இல்லையே என்றார்.

அந்த வார்த்தை கம்பெனி பஸ்ஸிலும் என்னோடு ஏறிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் பேப்பரை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"இன்னா இவரு, வந்ததுலேர்ந்து கத்திகினே கீறாரு? உங்க சூப்பர்வைசரு நம்ம வூட்டு பால்காய்ச்சுக்கு வந்து, பாயசம் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்ச மனுசன்."

"இது கதைடி. அவரு இல்ல."

"சரி, நெசமா அவரு இன்னா சொல்லுவாரு?"

யோசித்தேன். "பாத்துக்கப்பான்னு சொல்லுவாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. உண்மையில் அப்படித்தான் நடக்கும். சென்சார் மக்கர் பண்ணினால் அவர் வந்து நிற்பார். மெயின்டெனன்ஸ் ஆள் வர நேரமாகும், சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பணும், பாத்துக்கப்பா என்பார். போய்விடுவார். ஆஃப் பண்ணு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் லைன் லீடர். திரும்பி ஆபரேட்டரிடம் அதையே சொல்வேன். அவன் சென்சார் சாவியை ஆஃப் பக்கம் திருப்புவான். ஏதாவது ஆகிவிட்டால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டோம்.

கத்தலை எல்லாம் அடித்துவிட்டு அந்த ஒரு வார்த்தையை எழுதினேன். எழுதின கை நின்றுவிட்டது. அன்று காலை விளக்கேற்றி, பெருமாளே, பாத்துக்கோ என்று நானும்தான் சொல்லியிருந்தேன். சாமியிடம் சொன்னால் அது நம்பிக்கை. ஆபரேட்டரிடம் சொன்னால் அதற்குப் பேர் என்ன? பூஜை அலமாரிப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. காலையில் நிம்மதியாகப் பூஜை பண்ணலாம் என்று, தாமதமாகத் தொடங்கும் ஜெனரல் ஷிஃப்ட் கேட்டிருந்தேன். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் சூப்பர்வைசர் கையில். இப்படி எழுதி அவர் முகத்துக்கு நேராக நீட்டினால் கொடுப்பாரா?

மறுநாள் ட்ரெயினிங் ரூமில் அவர் புது பேப்பரை வாசித்தார். கண்டெய்னர் வரை சரளமாக வந்தவர், அந்த வார்த்தையில் நின்றார். சிரிப்பதற்குத் தயாராக இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யாருப்பா இது?"

"கேரக்டர் சார்."

"பழசு நல்லா இருந்துச்சே. நல்லா கத்துனேன்ல?"

"நல்லா கத்துனீங்க சார். ஆனா யாரும் நம்பல."

டீயைக் கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டே இருந்தார். "நாளைக்கு ஷூட்டிங். எதக் குடுக்கணும்னு நீயே பாத்துக்கப்பா."

சொன்ன பிறகு அவர் காதிலேயே அது விழுந்திருக்க வேண்டும். கப்பை வைத்துவிட்டுச் சட்டென்று நடந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

அன்று முழுக்க இரண்டு பேப்பரையும் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பழசைக் கொடுத்தால் எல்லோரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போவார்கள், எனக்கு ஷிஃப்ட்டும் கிடைக்கும். மறுநாள் காலையில் சாமி முன்னால் நின்றபோது வழக்கமான வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இதை நான்தான் செய்தாக வேண்டும் என்று பட்டது. மேடத்திடம் புது பேப்பரைக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் வர மாட்டார் என்றே நினைத்தேன். இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் வந்தார். கேமரா ஓடியது. மெஷினைப் பார்த்தார், கண்டெய்னர் விஷயத்தைச் சொன்னார். அந்த இடம் வந்ததும், ஆபரேட்டர் முகத்திலிருந்து பார்வையை எடுத்து, அன்றைய உற்பத்திக் கணக்கைக் காட்டியபடி மேலே தொங்கும் ப்ரொடக்‌ஷன் போர்டைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக்கப்பா" என்றார். குரலில் பாசம்கூட இருந்தது. அந்தப் பார்வையை நான் எழுதவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை.

முடிந்ததும் என் பக்கம் வந்தார்.

"நம்புற மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

தலையை ஆட்டிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போனார். ஷிஃப்ட் விஷயத்தை இன்றுவரை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.