அந்த ஃபாரத்தில் என்ன இருந்தது

திருப்பூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடி ஹாலில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்தி வந்தேன். தெற்கே இருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்துகொண்டே பயிற்சி முடித்து ஆரம்பித்தது. ஹால் ஒரு கம்பெனி முதலாளியுடையது. அவர் மனைவியும் என் வகுப்பில் முன்வரிசை.

சேரும்போது எல்லோரிடமும் ஒரு ஃபாரம் வாங்குவேன். முட்டிவலி, ஆபரேஷன், சாப்பிடும் மாத்திரை எல்லாம் அதில் எழுத வேண்டும். யாரை எவ்வளவு குதிக்க விடலாம் என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் முதலாளியம்மா கிளம்பாமல் நின்றார்.

"ஏனுங்க மிஸ், கடைசி வரிசையில நிக்குதே, வெள்ளகோவில் புள்ள, அதை எங்க பையனுக்குப் பாக்கறமுங்க. அது ஃபாரத்துல என்ன எழுதியிருக்குதுங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"நோவு ஒண்ணும் இல்லீன்னா இல்லீன்னு சொல்லுங்க, போதும்."

அங்கேதான் சிக்கல். ஒருத்திக்கு நோவு இல்லை என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றிக் கேட்கும்போது நான் வாய் திறக்காததே 'இருக்கிறது' என்ற பதிலாகிவிடும்.

"அதுவும் முடியாதுங்க."

"எங்க எடத்துல நின்னுட்டு எங்களுக்கே இப்படிச் சொல்றீங்க."

"எடம் உங்களுதுங்க. ஃபாரம் அந்தப் புள்ளையோடதுங்க."

ஃபாரங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே, சரக்கு வைக்க ஹால் வேண்டும் என்று ஆள் வந்தது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிரும்?" என்றார்.

"நாளைக்கு நம்ம மவளப் பத்தி ஒருத்தி இப்படிக் கேட்டா?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பாட்டை முடித்தார்.

வகுப்பில் இடம் மாறுகிறது என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. தெரிந்த ஒருவரின் மொட்டைமாடியில் தொடங்கினேன். முதல்நாள் வந்தது ஒன்பது பேர். எதிர் ஜன்னலில் ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். பச்சை வலையை இழுத்துக் கட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

வெள்ளகோவில் பெண்ணும் வந்தாள். எப்படியோ விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

"என்னாலதான உங்களுக்கு இந்தக் கஷ்டம் மிஸ்?"

"நீ என்ன பண்ணுன? இது என் வேலை, கண்ணு. முன்னாடி வந்து நில்லு."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஃபாரத்தில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் சிலர் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். இங்கேயும் எழுதப் போவதில்லை.