மண்டிக்காரரின் கம்பெனிகளுக்கு மெயில்

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவள் தங்கை, சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள். அவள் புருஷன், என் சகலை, லாரி ஓட்டுகிறவன். சென்டர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

நான் கல்வராயன் மலையில் கடுக்காய் வாங்கி, காயவைத்து, கள்ளக்குறிச்சி மண்டியில் போட்டுக்கொண்டிருந்தவன். மூட்டை மேல் ஊர்ப் பெயரைப் பச்சைப் பெயிண்டில் எழுதுவேன். மண்டிக்காரர் காயைக் கொட்டி, கோணியை உள்பக்கம் வெளியே திருப்பி, மறுபடி கட்டுவார். சரக்கு யாருடையது என்று அதை வாங்கும் மருந்து, தோல் கம்பெனிகளுக்குத் தெரியக்கூடாது. ஒருநாள் கம்பெனி விலாசம் கேட்டேன். ஆட்கள் முன்னால் சிரித்தார்.

"கடுக்கா பொறுக்கறவனுக்குக் கம்பெனி விலாசம் எதுக்குடா?"

அந்த வருஷம் என் சரக்கை எடுக்கவில்லை. மற்ற மண்டிகளையும் எடுக்க விடவில்லை. மழையில் காய் பூசணம் பிடித்தது. என் மனைவி முறத்தில் அள்ளி அள்ளிக் குழியில் கொட்டினாள். மண்டிக்காரருடைய கம்பெனிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விலாசங்கள் சகலையிடம் இருந்தன. பல வருஷமாக எல்லா மண்டிகளின் லோடும் ஏற்றிப் போனவன் அவன். வண்டி போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சியாக கம்பெனி கேட் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்புவது வழக்கம். பலகையில் மெயில் விலாசமும் போன் நம்பரும் இருக்கும். மண்டிக்காரரின் கம்பெனிகளோடு மற்றவையும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் இருந்தன.

மச்சினிச்சி திட்டம் சொன்னாள். "நேரா சரக்கு தர்றோம்னு எல்லா கம்பெனிக்கும் மெயில் போடலாம். அதுக்கு நம்ம பேர்ல ஒரு விலாசம் வாங்கணும் மாமா. மொத்தமா மெயில் அனுப்பற சர்வீஸ்ல சேரணும். அந்தப் பேரு நம்மளுதுதான்னு அவங்களுக்குக் காட்டணும். மொதல்ல கம்மியா அனுப்பி, போகப்போக ஜாஸ்தி பண்ணணும், இல்லன்னா ஸ்பேம்னு குப்பைல தள்ளிடும்."

"இன்னாடி இது? பத்திரிகை வைக்கற மாதிரிதான. ஒருத்தனுக்கு இன்னிக்கி, ஒருத்தனுக்கு அடுத்த வாரம்னா கோச்சிக்க மாட்டான்?" என்றாள் என் மனைவி.

எனக்கும் அது சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் பத்திரிகை பிந்தி வந்தால் கல்யாணத்துக்கே வரமாட்டார்கள்.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல வுடு. அவனுக்கும் ஒண்ணு வுடு," என்றேன்.

"மண்டிக்காரருக்கா? எதுக்கு மாமா?"

"பாக்கட்டும்."

சகலை சிரித்தான். "சண்டக்காரனுக்கு மொத பத்திரிகையா அண்ணே?"

வெள்ளிக்கிழமை அனுப்பினோம். சாயந்திரத்துக்குள் சர்வீஸ்காரர்கள் எங்கள் கணக்கை நிறுத்திவிட்டார்கள். புதுப் பெயரிலிருந்து ஒரே மூச்சில் அத்தனை போனதில், பெரும்பாலும் ஸ்பேமில் விழுந்திருந்தன. கேட்காமல் அனுப்பியதாகப் புகார் வேறு. மண்டிக்காரர் ஆள் விட்டுச் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல கடுக்கா விக்கறானாமே? நாந்தான் ஸ்பேம்ல தள்ளனேன்னு சொல்லு."

மறுபடி அதே நான்கு பேர் உட்கார்ந்தோம்.

"போன் போட்டு, மெயில் அனுப்பட்டுமான்னு கேக்கணும் மாமா. சரின்னவங்களுக்கு மட்டும். அதுலயும் வேணாம்னா நிறுத்திக்கற மாதிரி கீழ ஒரு பட்டன் வைக்கணும்."

இனி அப்படித்தான் செய்வோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு சர்வீஸ்காரர்கள் கணக்கைத் திறந்தார்கள். போன் நான் போட்டேன்.

"மலைக் கடுக்காங்க. நேரா தர்றோம். மெயில் அனுப்பலாங்களா?"

அவ்வளவுதான் பேசுவேன். சிலர் வைத்துவிட்டார்கள். சிலர் சரி என்றார்கள். அவர்களுக்கு மட்டும், தினம் கொஞ்சமாகப் போனது.

"மண்டிக்காரர எடுத்துடட்டுமா மாமா?"

"எடு."

அவர் பார்க்க வேண்டியதில்லை. அவர் வாசலில் லாரி நிற்காமல் போனால் போதும். மெதுவாகப் போனதில் எனக்குக் கஷ்டமில்லை. ஒவ்வொரு பதில் வந்தபோதும் மனைவியிடம் கம்பெனிப் பெயரைச் சொல்வேன். அவள் தலையாட்டிவிட்டுக் காயைக் கிளறப் போவாள்.

அடுத்த காய்ப்பு முடியும் நேரம் மண்டிக்காரர் எங்கள் களத்துக்கே வந்தார். காயை மிதிக்காமல் ஓரமாக நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"பேசித் தீத்துக்கலாங்க," என்றார். முதல் தடவையாக 'ங்க' போட்டார்.

நான் காயைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட இருந்தது மொத்தம் பதினாறு கம்பெனிங்க. அதுல உங்ககிட்ட எத்தினி வந்துச்சி?"

"பதினாலு."