தீ வைத்த ஆள்

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் காய் உலர்த்தும் ஸ்டோர் பற்றி எரிந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றியும் தகரக் கூரைதான் மிஞ்சியது.

“தானா எரியுமாய்யா? எவனோ வச்சிருக்கான்” என்றார் முதலாளி.

யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. ஸ்டோரில் அடுப்புப் பார்த்தவனுக்கும் முதலாளிக்கும் முந்தின நாள்தான் லீவு கேட்டதில் வாய்த்தகராறு. தீப்பிடிக்கும் முன் அவன் பின்பக்கம் போனதைப் பார்த்தேன் என்று சொன்னவன் நான். பார்த்தது உண்மை. ஒன்றுக்குப் போயிருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சாயங்காலமே அவனை ஜீப்பில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கரியை அள்ளும்போது, அடுப்புச் சூட்டை உள்ளே கொண்டுபோகும் இரும்புக் குழாயில் விரலளவு ஓட்டை தெரிந்தது. துருப்பிடித்து விழுந்த ஓட்டை. அதற்கு நேர் மேலே பரணில்தான் காய்ந்த சாக்குகள் கிடந்தன. முதலாளியிடம் காட்டினேன்.

“சரி, புதுக் கொழா போட்டுரு” என்றார். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ராசிங்காபுரத்தில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். ஓட்டையைப் பற்றிச் சொல்லி, மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பவே இல்லை.

“எல்லாரும் ஆளத் தேடுனீங்க. ஓட்டைய யாராச்சும் தேடுனீங்களாண்ணே? அந்தச் சோலியே எனக்கு வேணாம். கெளம்புங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அண்ணன் போடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரியில் தத்துவம் நடத்துபவர். இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“எதுக்கும் ஒரு காரணம் இருக்கு மாப்ளே. அந்தக் காரணத்துக்கு இன்னொண்ணு. இப்படியே பின்னாடி போய்க்கிட்டே இருக்க முடியுமா? மொதக் காரணம்னு ஒண்ணு இருந்தே ஆகணும். அதத்தான் சாமிங்கிறோம்.”

வழக்கமாகத் தலையாட்டிவிடுவேன். அன்று முடியவில்லை.

“மொதக் காரணம் இருக்கட்டும் மச்சான். அது ஒரு ஆளுன்னு எப்படிச் சொல்றீங்க? எங்க ஸ்டோர எரிச்சது ஒரு ஓட்டைதானே?”

“அந்தக் கொழாயச் செஞ்சவன் ஒருத்தன் இருக்கான்ல?”

“இருக்கான். அவன் தீ வைக்கலையே.”

ரசம் ஊற்ற வந்த என் மனைவி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இன்றும் கோயிலுக்குப் போகிறேன். இந்த அண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தத் தொடக்கத்துக்கு முகமும் மனசும் உண்டு என்று யாராவது அடித்துச் சொன்னால், அவரைவிட என்மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. காரணம் தெரியாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட எனக்கு எவ்வளவு அவசரம் என்பது எனக்குத் தெரியும்.