நாய் இல்லாத வீட்டுக்கு நாய் பிஸ்கட்

மூணாம் மாடி அக்காவின் கணவருக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் டிக் மார்க். சரக்குக் கிடங்கில் இருப்பு சரிபார்க்கிறவர். பெட்டிகளை எண்ணி, காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பச்சை மையில் ஒரு டிக் போடுவார். இருபத்துநாலு வருஷமாக அதையே செய்ததில் வீட்டிலும் கை சும்மா இருக்காது. மின்கட்டண ரசீதுக்கு டிக், பால் அட்டைக்கு டிக், பையனின் மார்க் ஷீட்டுக்கு டிக். பெண்டாட்டிக்கு மட்டும்தான் டிக் போட வழி தெரியாமல் இருந்தார். அந்தக் குறையையும் ஒரு வங்கி தீர்த்து வைத்தது. கிரெடிட் கார்டு கொடுத்து.

அதற்கு முன்னால் திங்கட்கிழமை காலைகளில் அந்த வீட்டில் ஒரு நாடகம் நடக்கும். அக்கா அடுப்படி வாசலில் நிற்பாள். அவர் விரலை நக்கி நக்கி நோட்டை எண்ணி வாரச் செலவுக்குக் கொடுப்பார். "போன வாரம் குடுத்ததுல மிச்சம் எவ்வளவு?" என்று கேட்பார். "மிச்சமா? நான்தான் கையிலேருந்து அறுபது போட்டிருக்கேன்" என்பாள் அக்கா. வாராவாரம் தவறாமல் சொல்லும் பொய் அது. அந்த அறுபதில்தான் அவள் மனுஷியாக நடமாடினாள். கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் நாலு வருஷம் பில் போட்டவள், சொந்தச் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பழகியவள். "என் பொண்டாட்டி கல்லாவுல உக்காரணுமா?" என்று ஒரே கேள்வியில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார் மனிதர். அதற்கப்புறம் அவளுக்கு வருமானம் என்று இருந்தது சிறுவாடு ஒன்றுதான். காய்கறியில் பத்து, இஸ்திரித் துணியில் ஐந்து என்று மிச்சம் பிடித்து, மிக்சியோடு வந்த வாரண்டிப் புத்தகத்துக்குள் சொருகி வைப்பாள். மிக்சி சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடமாட்டார் என்பது அவளுடைய இருபத்தோரு வருஷ அனுபவம்.

அந்தப் பணத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வந்தது, பையன் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போனான், தங்கை பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அக்கா தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒரு குடை.

கார்டு வந்த அன்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். அவருடைய கார்டுக்குத் துணையாக அக்கா பெயர் பொறித்த இன்னொரு கார்டு.

"இனிமே நீ எங்கிட்ட கை நீட்ட வேணாம். எங்க வேணாலும் போ, தேய். இன்னிக்கு வாங்கினத நாப்பது, நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுக் கட்டலாம், வட்டி கிடையாது. பர்ஸ் தொலஞ்சாலும் பணம் தொலையாது. திடீர்னு ஆஸ்பத்திரின்னாக்கூட யார் கால்லயும் விழ வேணாம். போதாததுக்கு, நூறுக்கு ரெண்டு பாயிண்ட் வேற தரான்."

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். அக்காவும் நியாயமாகவே எடைபோட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை நாடகம் ஒழிந்தது. குக்கர் பழுதான அன்றைக்கே புதுக் குக்கர் வந்தது. கடையில் கார்டை நீட்டினால் பில் போடும் பெண் "மேடம்" என்கிறாள். நல்லதுதானே என்று ஒரு நாள் முழுக்க நினைத்தாள்.

மறுநாள் மருந்துக்கடையில் கார்டைத் தேய்த்தாள். பையைக் கையில் வாங்குவதற்குள் போன் அடித்தது.

"மெடிக்கல்ல நூத்தி எண்பதா? யாருக்கு என்ன?"

தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அவர் போனுக்குச் செய்தி போகிறது. எந்தக் கடை, எத்தனை மணி, எவ்வளவு, எல்லாம். பின்னால் மூன்று ஆண்கள் வரிசையில் நிற்க, நாப்கின் என்று அவள் போனில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "பாக்கெட் அவ்வளவு விலையா?" என்று அதற்கும் ஒரு கேள்வி. அக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. கை நீட்ட வேண்டாம் என்றாரே, உண்மைதான். கழுத்தில் கயிற்றைக் கட்டி அவிழ்த்து விட்டால் கை நீட்ட வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய அடி, வீட்டில் நோட்டு என்பதே இல்லாமல் போனது. மெஷினிடம் போய் அந்த அறுபது ரூபாய்ப் பொய்யைச் சொல்ல முடியாது. சிறுவாடு சுத்தமாக வற்றிவிட்டது. வற்றியதும் எப்போது? தங்கைக்கு வேண்டியிருந்த நேரத்தில்.

தங்கை ஒரு வருஷத்துக்கு முன்னால் தோள் எலும்பு உடைந்த நிலையில் புருஷன் வீட்டைவிட்டு வந்தவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்துக்கொண்டு பெண்கள் விடுதியில் இருந்தாள். அந்த விடுதிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மூணு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். நாலு தெரு தள்ளி, பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு அறை இருந்தது. வாடகையை அவள் சம்பளம் தாங்கும், முப்பதாயிரம் அட்வான்சைத் தாங்காது. அக்கா வீட்டுக்கு வரலாம் என்றால் டிக் மார்க் ஒப்பமாட்டார். தங்கையின் புருஷன் அவருக்குச் சகலை மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளியும். "என் காசுல ஒத்தப் பைசா அவளுக்குப் போகக்கூடாது" என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

வழி சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது. கீழ் வீட்டுக் கைக்குழந்தைக்காரி டயப்பர் வாங்கிவிட்டுப் பெரிய நோட்டை நீட்ட, கல்லாவில் சில்லறை இல்லை. அக்கா தன் கார்டைத் தேய்த்து உதவினாள். வெளியே வந்ததும் அந்தப் பெண் பக்கத்துக் கடையில் நோட்டை மாற்றிப் பணத்தை அக்காவிடம் கொடுத்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அக்காவின் கையில் நோட்டு. பில் போட்டுப் பழகிய மூளை அங்கேயே வேலை செய்தது.

அதிலிருந்து செவ்வாய், சனி தவறாமல் போவாள். வரிசையில் தெரிந்த முகம் பார்த்து நிற்பாள். "நான் கார்டுல போட்டுர்றேன், நீங்க எனக்குக் கையில குடுத்திருங்க." யாருக்கு நஷ்டம்? கைக்குழந்தைக்காரி, இரண்டு நாய் வளர்க்கும் ரிட்டயர்டு வாத்தியார், டியூஷன் எடுக்கும் பெண், எல்லாரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். டயப்பர் அவர்களுக்கு, பில் டிக் மார்க்குக்கு, நோட்டு வாரண்டிப் புத்தகத்துக்கு.

அவருக்குத் தெரியாதா? செலவு ஏறுவது தெரிந்தது. ஆனால் பாயிண்டும் ஏறியதே. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று இலவசம். ஒரு பைசாவுக்கு மூணு கேள்வி கேட்கிற மனிதர், மாதா மாதம் பில்லைப் பல்லிளித்துக்கொண்டு கட்டினார். கார்டு விற்கிறவர்கள் சும்மாவா பாயிண்ட் தருகிறார்கள்? இப்பேர்ப்பட்ட ஆளையே குருடாக்கத்தான் தருகிறார்கள்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை காலை. பெட்டிக்கு நாற்பது பாயிண்ட் குறைகிறது என்று, அவர் எண்ணுக்குக் கடை அனுப்பியிருந்த பில்களைப் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணப் போனார். பச்சைப் பேனா கையில் இருந்தது. அரை மணி கழித்து அடுப்படிக்கு வந்தார்.

"நம்ம வீட்ல நாய் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப மூணு கிலோ நாய் பிஸ்கட்ட யார் தின்னா? நீயா, நானா?"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"டயப்பர் பெரிய பாக்கெட் ரெண்டு. யாருக்கு? ஹாஸ்டல்ல இருக்கானே பத்தொம்பது வயசுல நம்ம பையன், அவனுக்கா?"

பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தங்கச்சி ரூம் அட்வான்சுக்குச் சேத்தேன். திங்கக்கிழமைக்குள்ள அவ காலி பண்ணணும்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எடம் கெடைக்கலன்னா தானா புருஷன் வீட்டுக்குப் போவா. அதுக்குத்தான நானும் சகலையும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துக்கிட்டு இருக்கோம். நடுவுல நீ யாரு?"

கத்தி அக்காவின் கையில் நின்றது. விடுதி இடிபடுவதை இரண்டு ஆண்களும் நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். தங்கை தோளில் கட்டோடு வந்து நின்ற அன்று "பாவம்" என்று சொன்னவரும் இவர்தான். இருபத்தோரு வருஷத்தில் எத்தனையோ தடவை அவர் மேல் கோபப்பட்டிருக்கிறாள். வெறுத்தது அன்றைக்குத்தான்.

அவர் வீட்டில் சோதனை போட்டார். கிடங்கில் செய்கிற மாதிரியே, இடது மூலையில் ஆரம்பித்து அலமாரி அலமாரியாக. மிக்சியையும் விட்டு வைக்கவில்லை. பதினெட்டாயிரத்து நானூறு. எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் வாரண்டிப் புத்தகத்தின் மேல் ஒரு டிக் போட்டார்.

"கார்டு?"

"பையில இருக்கு. எடுத்துக்குங்க."

"அத நான் எதுக்கு எடுக்கணும்? நீயே வெச்சுக்க, நெத்தியில ஒட்டிக்க. அஞ்சு நிமிஷத்துல அது வெறும் பிளாஸ்டிக்."

ஆப்பில் போய் முடக்கப் பார்த்தார். பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்ததில் அது அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்றது. அழுத்தினார். சங்கீதம் கேட்டது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. மறுபடி சங்கீதம். சிக்னலுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

அக்கா கையைக் கழுவினாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, அப்புறம்தான் போட்டுக்கொண்டாள். நாலு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

பெயிண்ட் கடைக்காரர் ஒரு டப்பாவைக் கலக்கும் இயந்திரத்தில் பூட்டிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா. சாயங்காலம் வேற ஒருத்தர் ரூமைப் பாக்க வராரு."

"அவங்க வர வேணாம். கார்டுல எடுப்பீங்களா?"

"எடுப்பேன். ரெண்டு பர்சென்ட் கூட ஆகும். முப்பதாயிரத்து அறுநூறு." கார்டைத் திருப்பிப் பார்த்தார். "உங்க பேருதானா?"

"பேரு என்னுது. பில்லு வீட்டுக்காரருக்குப் போகும்."

அவர் மெஷினை அவள் பக்கம் தள்ளினார். நாலு எண்ணை அடித்தாள். அவசரத்தில் ஒரு தடவை தப்பு. மறுபடி அடித்தாள். மெஷின் யோசித்தது. பக்கத்தில் பெயிண்ட் டப்பா கடகடவென்று குலுங்கிக்கொண்டிருந்தது. பால்கனியில் சங்கீதம் முடிந்து யாராவது பேச ஆரம்பித்திருந்தால் எல்லாம் போச்சு. திங்கட்கிழமை தங்கை பெட்டியோடு தெருவில் நிற்பாள், சகலை வந்து கூட்டிக்கொண்டு போவான், இந்தத் தடவை உடைவது தோளாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

சீட்டு கரகரவென்று வெளியே வந்தது.

தங்கையின் பெயரில் ரசீது எழுதி வாங்கினாள். சாவியை வாங்கினாள். உடனே திரும்பவில்லை. மாடியேறி அறையைத் திறந்து பார்த்தாள். தெருப் பக்கம் ஒரு ஜன்னல், மூலையில் அடுப்பு மேடை, திறந்ததும் வருகிற குழாய். சுவரோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடி வைத்து அளந்தாள். அப்புறம் பூட்டிக்கொண்டு, வழியில் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சாவியைத் தங்கையிடம் கொடுத்தாள்.

வீட்டில் டிக் மார்க் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார்.

"பிளாக் பண்ணிட்டேன்."

"சரி."

"முப்பதாயிரத்து அறுநூறு பெயிண்ட் கடையில. மெசேஜ் வந்தப்புறம்தான் அந்த பேங்க் பொண்ணு லைன்லயே வந்தா. அத நான் கட்டமாட்டேன்."

"கட்டலன்னா வட்டி ஏறும். போன் மேல போன் வரும், ஆபீசுக்கும் வரும். நீங்கதான் சொல்லுங்க, யார் பேருக்குப் பில்லு வருது?"

அவர் சகலையின் பெயரைச் சொன்னார், மானம் என்றார், திருட்டு என்றார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதி நறுக்கிய வெங்காயத்துக்குத் திரும்பப் போனாள். கடைசியில், இருபத்தோரு வருஷமாக அவளை வாயடைக்க வைத்த அந்த வார்த்தைக்கு வந்தார்.

"இந்த வீட்ல இருக்கப் பிடிக்கலன்னா, அவ கூடவே போய் இருந்துக்க."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். அளந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."