நடுக்காசு

அன்றைக்கு எங்கள் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் வீட்டுக்காரர், நான், மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் நெல் அவிக்கிற ஒரு அக்கா, மூன்று மாதத்துக்கு முன் கல்யாணமான அவர் மகள், அந்தப் பெண்ணின் மாமியார். நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓரம் கவரிங் காசுமாலை விற்றவன், "கறுக்கவே கறுக்காதும்மா" என்றதும் மற்ற நாலு பேரும் என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். என் பஸ் போனதுகூடத் தெரியவில்லை.

பட்டறை என்று பெரிதாகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் சமையலறைக்கு அடுத்த அறைதான் அது. வெள்ளி பற்றவைக்கிற வெங்காரம் உருகுகிற வாசனையும் ரசம் கொதிக்கிற வாசனையும் சேர்ந்தே வரும். அப்போது நயா பைசா வந்த புதிது. சேர்த்து வைத்த பழைய வெள்ளி ரூபாய்களைக் கொண்டுவந்து மாலையாகக் கோத்துத் தரச் சொல்வார்கள். ஒவ்வொரு காசுக்கும் தலையில் ஒரு வளையம் பற்றவைப்பது என் வேலை. எட்டாவதோடு நின்றவளை நம்பி என் வீட்டுக்காரர் ஊதுகுழலைக் கொடுத்தாரே என்று எனக்குள் ஒரு பெருமை.

அந்த அக்கா மகள் கல்யாணத்துக்கென்று ஒன்பது ரூபாய் கொண்டுவந்தார். "ராஜா மூஞ்சி எதுக்குங்க? பூப்போட்ட பக்கம் வெளிய தெரியட்டும்" என்றார். அப்படியே செய்தோம்.

தாழ்ப்பாளை மூன்று தரம் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இப்போதும் அப்படித்தான். நடுக்காசின் வளையம் நன்றாகவே பிடித்திருந்தது. பிடித்ததா, பிடித்ததா என்று மறுபடி நெருப்புக் காட்டினேன். அதற்குப் பிறகும் ஒருமுறை. காசு விளிம்பு சரிந்து, பூவெல்லாம் உருகி, வெறும் கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கட்டியைப் பழைய வெள்ளியோடு போட்டுவிட்டு, என் அஞ்சறைப் பெட்டியிலிருந்த ரூபாயை எடுத்து வளையம் வைத்தேன். அது யுத்த காலத்து ரூபாய், பாதிதான் வெள்ளி. பூப்பக்கம் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

மூன்றே மாதத்தில் அது மட்டும் கறுத்துப்போனது. மாலையோடு மூன்று பேரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள்.

"மத்ததெல்லாம் பளிச்சுனு இருக்கு. இது மட்டும் ஏன் ஆசாரியாரே?" என்று மாமியார் கேட்டார்.

என் வீட்டுக்காரருக்கு நான் காசை மாற்றியது தெரியாது. தொழில்காரர் சொல்கிற பதிலைச் சொன்னார். "நெஞ்சுல படுற காசுங்க. உடம்புச் சூட்டுக்குச் சில பேருக்குக் கறுக்கும்."

"அப்படிச் சொல்லுங்க. நானும் அதைத்தான் சொல்றேன். இவளுக்கு உள்காய்ச்சல் இருக்கு. நெஞ்சுலதான் ஏதோ இருக்கு."

அந்தக் காலத்தில் நெஞ்சில் இருக்கிறது என்றால் காசநோய்; பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெண் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நல்ல வாட்டசாட்டமான பெண்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீதானே பத்தவச்ச, தங்கச்சி. நீ சொல்லு. இது எங்க காசுதானே?"

பட்டறைப் பெயர் போய்விடும், ஊதுகுழல் கையை விட்டுப் போய்விடும் என்றெல்லாம் நினைத்தேன். அந்தப் பெண்ணை மட்டும் நினைக்கவில்லை.

"உங்க காசுதாங்க்கா" என்றேன்.

"கேட்டாச்சில்ல? தேறுற வரைக்கும் பொண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமியார் மட்டும் தனியாக பஸ் ஏறினார்.

நிஜத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார். மண்ணச்சநல்லூரில் அக்கா வீடு பூட்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு வேறு பெண் கட்டிவைத்துவிட்டார்கள், தாயும் மகளும் எந்த ஊருக்கோ பிழைக்கப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இப்போது என் வீட்டுக்காரர் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. வெள்ளி ரூபாயை என் பேத்தி பார்த்ததே இல்லை. அந்த அக்காவுக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒரு ரூபாய்.